பசித்த குழந்தைக்கு 65 மில்லி

எங்கேயாவது வெள்ளம், நிலநடுக்கம் என்று செய்தி வந்த மறுநாளே என் போனுக்கு ஒரு கேள்வி வந்துவிடும். "பால் பவுடர் டின் சேர்த்துக்கிட்டிருக்கோம். எங்கே அனுப்பணும்?" கேட்கிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள், சொந்தக் காசைப் போட்டு அலைகிறவர்கள். "அனுப்பாதீங்க" என்று நான் சொன்னதும் எதிர்முனையில் ஒரு நொடி சத்தமே இருக்காது. சிலருக்குக் கோபமும் வரும். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவளே இப்படிப் பேசலாமா என்று கேட்டவர்களும் உண்டு. போனில் மூன்று நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

நான் நர்ஸ். போரோ வெள்ளமோ பஞ்சமோ ஜனங்களைக் கூடாரத்துக்குத் துரத்திய இடங்களில், உயிருக்கே ஆபத்தான அளவுக்கு மெலிந்துபோன குழந்தைகளைச் சேர்க்கிற வார்டில்தான் பெரும்பாலும் வேலை. சாப்பாடு கொடுக்கிற நேரத்தைவிட, கொடுக்க வருகிறவர்களைத் தடுக்கிற நேரம்தான் அங்கே அதிகம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

முதலில் நாடாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் இடது மேற்கையைச் சுற்றி அளக்கிற, மூன்று நிறம் அடித்த நாடா. எங்களுக்குள் 'மூவாக்' என்போம். தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் சரிபாதியில் ஒரு புள்ளி வைத்து, கையைத் தளரத் தொங்கவிட்டு, அந்த இடத்தில் சுற்ற வேண்டும். 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு 125 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வந்தால் பச்சை. 115-க்கும் 125-க்கும் இடையில் மஞ்சள். 115-க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துப் பாருங்கள். சிவப்பில் இருக்கிற பிள்ளையின் மேற்கை அந்த வளையத்துக்குள் போய், சுற்றிலும் இடம் மிச்சமிருக்கும்.

ஏன் கை? ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளை உயரும், எடை கூடும், ஆனால் மேற்கையின் சுற்றளவு அவ்வளவாக மாறாது. அதனால் சரியான வயது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறந்த சான்றிதழையா எடுத்துக்கொண்டு ஓடிவந்திருப்பார்கள்? 1960-களின் கடைசியில் நைஜீரிய உள்நாட்டுப் போரின்போது குவேக்கர் நிவாரணக் குழுவினர் கைச்சுற்றளவை உயரத்தோடு ஒப்பிடுகிற ஒரு குச்சியைப் பயன்படுத்தினார்கள். இன்றைய நாடா அந்த வழியில் வந்ததுதான். இழுத்துப் பிடித்து அளந்தால் பச்சை மஞ்சளாகிவிடும், தொளதொளவென்று விட்டால் சிவப்பு மஞ்சளாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் முழுக்க இதை மட்டும்தான் சொல்லித் தருவேன். சலித்துக்கொள்வார்கள். நைஜர் நாட்டில் தாய்மார்கள் கையிலேயே நாடாவைக் கொடுத்துப் பார்த்தபோது, சுகாதாரப் பணியாளர்களுக்குச் சளைக்காமல் அளந்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பிள்ளையின் கையைத் தினமும் பிடிக்கிறவள் அவள்தானே.

நாடாவுக்குப் பிடிபடாத ஒன்று உண்டு, வீக்கம். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலை வைத்து மூன்று நொடி அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். முகம் உப்பி, கன்னம் மினுமினுவென்று இருக்கும். "இப்பதான் சிஸ்டர் கொஞ்சம் சதை போட்டிருக்கான்" என்று தாய் சந்தோஷமாகச் சொல்வாள். அது நீர். எடைபோட்டால் எடை சரியாகவே காட்டும், அதனால் தராசை மட்டும் நம்புகிறவர்கள் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றைய கானாவில், அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் 1933-இல் இந்த நோயை விவரித்து எழுதினார். பிறகு அங்கே தாய்மார்கள் வழங்கிய பெயரையே எடுத்து க்வாஷியோர்கர் என்று உலகத்துக்குச் சொன்னார். ஒரே குடிசையில், ஒரே பட்டினியில் ஒரு பிள்ளை வற்றிப்போக, இன்னொன்று ஏன் வீங்குகிறது என்பதற்கு இதுவரை முழுமையான விடை இல்லை. "புரதக் குறைவு, அவ்வளவுதான்" என்று பழைய பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வந்து, வந்த அன்றே புரதத்தை ஏற்றப் பார்க்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம். கெட்டுப்போன ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது.

இனி அந்த 65 மில்லி.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பிள்ளை வரும். ஒன்றரை வயது, 6 கிலோ, அழக்கூடத் தெம்பில்லாமல் பாட்டியின் தோளில் கிடக்கும். வந்ததும் முதல் வேலை சர்க்கரைத் தண்ணீர், 10 சதவீதக் கரைசல், 50 மில்லி. இப்படி மெலிந்த பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை 54 மில்லிகிராமுக்குக் கீழே எப்போது வேண்டுமானாலும் விழுந்துவிடும். வலிப்பு வராமலேயே, சத்தமில்லாமல் போய்விடுவார்கள். சோதித்துப் பார்க்கக் கருவி இல்லையென்றால் குறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். கூடவே சூடு. அக்குளில் 35 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் தலைக்குத் தொப்பி போட்டு, தாயின் வெறும் மார்பில் பிள்ளையைப் படுக்கவைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்திவிடுவோம். சர்க்கரை இறங்குவதும் உடம்பு குளிர்வதும் பெரும்பாலும் ஜோடியாகவே வரும்.

அதற்குப் பிறகு எஃப்-75 என்கிற சிகிச்சைப் பால். 100 மில்லியில் 75 கலோரி, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. இரும்புச்சத்து வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 130 மில்லி என்பது கணக்கு. 6 கிலோ பிள்ளைக்கு 780 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாள் முழுக்கப் பன்னிரண்டு தடவை. தடவைக்கு 65 மில்லி. கடுமையான வீக்கம் இருந்தால் கிலோவுக்கு 100 மில்லியாக இன்னும் குறையும்.

ஒரு சின்னக் கோப்பையின் அடியில் கிடக்கிற அந்தப் பாலைப் பார்த்து ஒரு பாட்டி என்னிடம் கேட்டதை மறக்க முடியாது. "பசிச்ச புள்ளைக்குக் கொடுக்காதேன்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்." அந்தம்மா மடியில் நிவாரணத்தில் கிடைத்த பிஸ்கட் பாக்கெட் ஒன்று இருந்தது. பேரனுக்காகவே எடுத்து வைத்தது, தான் ஒன்றுகூடத் தின்னவில்லை. அதை வாங்கி என் மேஜையில் வைத்துக்கொண்டபோது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று ராத்திரி முழுக்க அவருடன் மல்லுக்கட்டியதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் கோப்பையை அவர் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னதுதான் பலித்தது. அதட்டுகிற நர்ஸுகளிடம் பாட்டிகள் தலையாட்டுவார்கள், விளக்கு அணைந்ததும் பிஸ்கட்டை நனைப்பார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். நாள் கணக்கில் சாப்பிடாத உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொண்டே வருகிறது. இதயம் மெதுவாகத் துடிக்கிறது, சிறுநீரகம் உப்பை வெளியேற்றச் சோம்பல்படுகிறது, செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறி, சோடியம் உள்ளே தங்கிவிடுகிறது. பூட்டிக்கிடந்த பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லா ஸ்விட்சையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃபியூஸ் போகும் அல்லவா, அப்படித்தான் வயிறு முட்டக் கொடுத்தால் இங்கேயும். சர்க்கரை உள்ளே வந்ததும் இன்சுலின் எழும்பும், ரத்தத்தில் மிச்சமிருந்த பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஓடிவிடும், இதயம் தடுமாறும். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமை பிரிட்டிஷ் படை விடுவித்தபோது, சிப்பாய்கள் இரக்கப்பட்டுத் தங்கள் ராணுவ ரேஷனைக் கொடுத்தார்கள். கொழுப்பும் இறைச்சியுமான அந்தச் சாப்பாட்டைத் தின்ற பலர், விடுதலை கிடைத்த பிறகு செத்தார்கள். அந்தச் சிப்பாய்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.

பாட்டி பிஸ்கட்டை எடுத்தால், படித்தவர்கள் "ஒரு ட்ரிப் போட்டுவிடலாமே" என்பார்கள். கண் குழிந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புகிறது, நீர் வற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத பிள்ளைக்கு நீர் வற்றாவிட்டாலும் தோல் அப்படித்தான் இருக்கும், கண் அப்படித்தான் குழியும். அந்தத் தளர்ந்த இதயத்தின் மேல் பாட்டில் பாட்டிலாக நீரை ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போன பிள்ளைக்கு மட்டும்தான் ட்ரிப், அதுவும் பக்கத்திலேயே நின்று மூச்சையும் நாடியையும் எண்ணிக்கொண்டு. மற்றவர்களுக்கு வாய் வழியாக ரெசோமால். வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசலைவிட இதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் கூடுதல். கிலோவுக்கு 5 மில்லி, அரை மணிக்கு ஒரு தடவை. நிமிடத்துக்கு மூச்சு 5-ம் நாடித்துடிப்பு 25-ம் சேர்ந்து கூடிவிட்டால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

காய்ச்சல் இல்லையே, எதற்கு ஆன்டிபயாட்டிக் என்றும் கேட்பார்கள். காய்ச்சல் வரவே உடம்பில் தெம்பு வேண்டும். நிமோனியாவோடு குளிர்ந்துகிடக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வார்டில் சேருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆன்டிபயாட்டிக் உண்டு. ரத்தசோகை கண்ணுக்குத் தெரிந்தாலும் இரும்புச்சத்து மட்டும் முதல் சில நாள் கிடையாது. கட்டுக்குள் வராத கிருமிக்கு அதுவும் தீனிதான்.

இதையெல்லாம் மாத்திரைச் சீட்டில் எழுதிவிடலாம். எழுத முடியாதது ராத்திரி வேலை. விடியற்காலை இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் பிள்ளையை எழுப்பி அந்த 65 மில்லியைக் கொடுத்தே ஆக வேண்டும். தூங்குகிற பிள்ளையை எழுப்ப எந்தத் தாய்க்கும் மனசு வராது, களைத்துப்போன நர்ஸுக்கும் வராது. ஒரு புது வார்டுக்குப் போனால் நான் முதலில் புரட்டுவது ராத்திரி உணவுப் பட்டியலைத்தான். எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் டிக் போட்டிருந்தால், அது விடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பியது.

சில நாளில் ஒரு மாற்றம் வரும். வீக்கம் இறங்கும், பிள்ளை கோப்பையைத் தள்ளிவிடுவதை நிறுத்திவிட்டு இழுக்க ஆரம்பிக்கும். "இன்னும் வேணும்" என்று அழுகிற முதல் அழுகையை நாங்கள் டாக்டர் ரவுண்டில் நல்ல செய்தியாகவே சொல்வோம். அப்போதுதான் 100 மில்லிக்கு 100 கலோரி உள்ள எஃப்-100 அல்லது வேர்க்கடலைப் பசை. அதுவும் உடனே முழு அளவில் இல்லை, இரண்டு மூன்று நாள் படிப்படியாக.

வேர்க்கடலைப் பசை வந்த கதை எனக்குப் பிடித்த கதை. அதற்கு முன்னால் இந்தச் சிகிச்சை முழுக்க ஆஸ்பத்திரிக்குள்தான். ஒரு பிள்ளைக்காகத் தாய் வாரக்கணக்கில் வார்டில் கிடக்க வேண்டும், மற்ற பிள்ளைகள் கூடாரத்தில் பட்டினி கிடக்கும். அதனால் பாதியில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எஃப்-100 பாலாக இருந்ததால் கையோடு கொடுத்தனுப்பவும் முடியாது, தண்ணீரில் கரைத்து வைத்தால் சில மணி நேரத்தில் கிருமி பெருகிவிடும். 1990-களின் நடுவில் ஆந்த்ரே ப்ரியாந்த் என்ற பிரெஞ்சு டாக்டரும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் அந்தப் பாலில் இருந்த பால்பவுடரில் ஒரு பகுதிக்குப் பதிலாக வேர்க்கடலை விழுதைச் சேர்த்து, தண்ணீரே இல்லாத பசையாக்கினார்கள். 92 கிராம் பாக்கெட், 500 கலோரி. தண்ணீர் இல்லாததால் கிருமி வளர வழியில்லை. சமைக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், பிள்ளையே பிதுக்கித் தின்னும். ஸ்டீவ் காலின்ஸ் என்ற டாக்டர் 2000-ஐ ஒட்டி எத்தியோப்பியாவில் இதை வீட்டிலேயே வைத்துக் கொடுக்கிற முறையை முயன்று பார்த்தார். 2005-இல் நைஜரில் நெருக்கடி வந்தபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை தந்தது. படுக்கையில் வைத்து மட்டும் அத்தனை பேரைப் பார்த்திருக்க முடியாது. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்த ஐ.நா. கூட்டறிக்கை இந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பசிச் சோதனை என்று ஒன்று வைப்போம். ஒரு மூலையில் தாயும் பிள்ளையும் உட்கார்ந்து, அவசரமில்லாமல், பசையைத் தின்னக் கொடுப்பது. ஆர்வமாகத் தின்றால், வேறு சிக்கலும் இல்லையென்றால் வீட்டு வைத்தியம். வாயைத் திறக்க மறுத்தால் வார்டு. ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல், உள்ளுறுப்புகள் எப்படி இருக்கின்றன என்பதைப் பசியே சொல்லிவிடுகிறது.

பாக்கெட்டை அண்ணன் தம்பிகளும் தின்றுவிடுகிறார்கள், சிலர் விற்கிறார்கள் என்று அலுவலகத்தில் புகார் வரும். வரத்தான் செய்யும். நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் இனிப்பான பசையைக் கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் வேடிக்கை பார்க்கச் சொல்ல எந்தத் தாயாலும் முடியாது. குடும்பத்துக்கான ரேஷன் ஒழுங்காக வந்தால் பாதிப் புகார் தானாகக் குறையும். அதே சமயம், இந்தப் பாக்கெட்டைப் பசிக்கே தீர்வு என்று மேடையில் தூக்கிக் காட்டுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. இது மருந்து. சாப்பாட்டுக்குப் பதில் இல்லை.

6 மாதத்துக்கு உள்ளான சிசு வந்தால் கதையே வேறு. 115 என்ற அளவு அவர்களுக்குப் பொருந்தாது, பசை கூடவே கூடாது. அந்த வயதில் பிள்ளை மெலிந்திருந்தால் நாங்கள் முதலில் பரிசோதிப்பது தாயை. எப்போது கடைசியாகச் சாப்பிட்டாள், யார் செத்துப்போனார்கள், ராத்திரி தூங்க இடம் இருக்கிறதா.

"பயத்துல பால் வத்திப்போச்சு சிஸ்டர்." எல்லா முகாமிலும் கேட்கிற வாக்கியம். பொய்யென்று ஒதுக்கவும் கூடாது, அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. பாலைச் சுரக்கவைப்பது புரோலாக்டின், சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின். அதிர்ச்சியும் அவமானமும் தாக்குவது இரண்டாவதைத்தான். பால் உள்ளே இருக்கிறது, இறங்கத் தயங்குகிறது. பிள்ளை அழும், தாய் இன்னும் பதறுவாள், இன்னும் இறங்காது. அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு டின்னை நீட்டினால் பிள்ளை டின் பாலில் வயிறு நிறைந்து தூங்கும், மார்பில் சப்பாது. சப்பாத மார்பில் சுரப்பும் மெல்ல நின்றுவிடும். டின்னோ ஒரு வாரத்துக்குத்தான்.

நாங்கள் செய்வது மிகச் சாதாரணமான காரியம். ஆண்கள் வராத ஒரு கூடாரம், படுக்க ஒரு பாய், குடிக்கத் தண்ணீர், தாய்க்குத் தனியாகக் கூடுதல் சாப்பாடு, பக்கத்தில் இன்னொரு பாலூட்டுகிற பெண். மெலிந்த தாயாலும் நல்ல பால் தர முடியும், அவளுக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். ரேஷன் வரிசையில் அவளை முன்னால் விட்டாலே ஒரு நாளில் மூன்று மணி நேரம் பிள்ளையோடு இருக்கக் கிடைக்கும். இதை ஒவ்வொரு முகாமிலும் புதிதாகச் சண்டைபோட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

பால் உண்மையிலேயே நின்றுபோனவர்களுக்கும் திரும்ப வரவைக்கலாம். ஒரு மெல்லிய குழாய், மூக்கில் போடுகிறோமே அதேதான். ஒரு முனை கோப்பைக்குள், மறுமுனை மார்பின் காம்போடு ஒட்டி. கோப்பையில் நீர்த்த எஃப்-100. பிள்ளை மார்பைச் சப்பும்போது குழாய் வழியாகப் பால் வரும். பால் வருவதால் பிள்ளை சப்புவதை விடாது, சப்புவதால் சுரப்பு தூண்டப்படும். முதலில் கோப்பையைக் காம்புக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே பிடிப்போம். பிள்ளை தேறத் தேற 30 சென்டிமீட்டர் வரை இறக்குவோம், கொஞ்சம் பலமாக உறிஞ்சட்டும் என்று. பிள்ளை நாளுக்கு 20 கிராம் கூடத் தொடங்கியதும் கோப்பையில் ஊற்றுவதைப் பாதியாக்கிப் பார்ப்போம். அப்போதும் எடை ஏறினால் அந்தக் கிராம்கள் தாயிடமிருந்து வருகின்றன. தராசு முள்ளைக் காட்டி இதைச் சொல்லும்போது நம்பாமல் திரும்ப எடைபோடச் சொன்ன தாய்மார்கள் உண்டு. சில நாளில் நடக்கும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். தாயில்லாத பிள்ளைக்கு இதே முறையில் சித்தியும் பாட்டியும் பால் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது டின்னுக்கு வருகிறேன். பால் பவுடரையே எதிர்க்கிற ஆள் இல்லை நான். தாய் இறந்துபோய், வேறு பாலூட்ட ஆளில்லாத சிசு உண்டு. பேரிடருக்கு முன்பே முழுக்கப் பவுடர் பாலில் வளர்ந்த சிசு உண்டு. அவர்களுக்குப் பவுடர் கட்டாயம் வேண்டும், ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல், தேவைப்படுகிற மாதம் வரை வேண்டும். கூடவே சுத்தமான தண்ணீர், எரிபொருள், கழுவச் சுலபமான கோப்பை, சொல்லிக்கொடுக்க ஆள், வாரம் தவறாமல் எடை பார்க்க ஆள். பவுடர் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பொருள் இல்லை, டின்னுக்குள்ளேயே கிருமி இருக்கலாம் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டிலும் நிப்பிளும் வேண்டவே வேண்டாம், முகாமில் அதைக் கழுவ முடியாது. கூடாரத்தில் ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு, விறகுக்கு அரை நாள் நடை. எத்தனை வேளை வெந்நீர் வைப்பாள்? டின் தீரப்போகிறதென்றால் ஒரு கரண்டி போடுகிற இடத்தில் அரைக் கரண்டி போடுவாள். நானாயிருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம். பவுடர் பால் நன்கொடை குவிந்தது. பிறகு இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது, நன்கொடைப் பவுடர் கிடைத்த பிள்ளைகளில் 25 சதவீதத்துக்கு வயிற்றுப்போக்கு. கிடைக்காதவர்களில் 12 சதவீதம்கூட இல்லை. போட்ஸ்வானாவில் 2005-06 மழைக்காலத்தில் இன்னும் மோசம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க அரசே இலவசமாகப் பவுடர் பால் கொடுத்துவந்த நாடு. நல்ல நோக்கம்தான். வெள்ளத்தில் குடிநீர் கெட்டதும் வயிற்றுப்போக்கு பரவி, 2006-இன் முதல் மாதங்களில் 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை ஆராய்ந்ததில், தாய்ப்பால் குடிக்காத சிசுவுக்கு வயிற்றுப்போக்கு ஆபத்து கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு என்று தெரிந்தது. எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் இன்று மருந்து எடுத்துக்கொண்டே தாய்ப்பால் தருகிறார்கள்.

1981-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற தாய்ப்பால் மாற்றுப் பொருள்களுக்கான சர்வதேச நெறிமுறையும், அவசரகாலத்தில் குழந்தைகளுக்கு உணவூட்டுவது பற்றிய வழிகாட்டலும் இதனால்தான் பவுடர் நன்கொடையைக் கேட்காதே, ஏற்காதே என்கின்றன. தேவையானவர்களுக்கு, தேவையை நேரில் மதிப்பிட்டு, பொறுப்பான அமைப்பு தானே வாங்கிக் கொடுக்கட்டும் என்கின்றன. பொதுவாக விநியோகிக்கிற மூட்டைகளோடு ஒரு டின்னைப் போடுவது அறவே கூடாது. லாரியில் வந்து இறங்கிவிட்டால் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது கிடங்குக்காரர்களைக் கேட்டால் தெரியும். போன் செய்கிறவர்களிடம், பணமாகக் கொடுங்கள், தாய்க்குச் சாப்பாடு போகட்டும் என்பேன்.

6 மாதம் தாண்டி இரண்டு வயது வரை உள்ளவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ரேஷன் மூட்டையில் வருவது பெரியவர்களின் பல்லுக்கு. சின்ன வயிறு ஒரு வேளையில் கொள்ளுவது கொஞ்சம்தான், அதனால் கெட்டியாகவும் அடிக்கடியும் கொடுக்க வேண்டும். நீர்க்கக் கரைத்த கஞ்சியில் வயிறு நிறையும், எடை ஏறாது. ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்தாலே கணக்கு மாறும். தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம், நிறுத்த இதைவிட மோசமான நேரம் கிடையாது.

கடைசியாக ஒன்று. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துச் சிகிச்சைப் படிகளில் ஒன்பதாவது, பிள்ளையோடு விளையாடுவது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஆன்டிபயாட்டிக் இருக்கிற அதே பட்டியலில்தான் இருக்கிறது. பட்டினி கிடந்த மூளை வளர்ச்சியில் பின்தங்குகிறது. பேச்சும் விளையாட்டும் சிரிப்பும் இல்லாமல் எடையை மட்டும் மீட்டால் அந்த இழப்பு தங்கிவிடும். வார்டில் ஒரு பாய், உருட்டப் பாட்டில் மூடி, கிலுகிலுப்பைக்குக் கல் போட்ட டப்பா, தினம் அரை மணி நேரம். தாய்மார்களும் அந்த அரை மணியில்தான் கொஞ்சம் பேசுவார்கள். ஆனால் பட்ஜெட்டில் இடம் போதாதபோது முதலில் அடிபடுகிற வரி இதுதான். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் 'விளையாட்டுப் பொருள்கள்' என்ற வரியை எனக்கு முன்னாலேயே சிவப்பு மையில் அடித்தார்கள். அடுத்த முறை அதே பொருள்களை, அதே தொகைக்கு, 'சிகிச்சைப் படி 9-க்கான உபகரணங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். கேள்வியே கேட்காமல் கையெழுத்தானது.